பதில் சொல்லாதிருக்கப் பழக்குவது

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் தம்பி ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வந்து நின்றான். "அக்கா, பத்து நாள் லீவு. மெயில் அனுப்புறவங்களுக்கெல்லாம் தானா ஒரு பதில் போற மாதிரி வெச்சுட்டுப் போறேன்" என்றான். மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "சரி, வெச்சுட்டுப் போ" என்றேன். எப்படி வைக்கப்போகிறாய் என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அவன் எழுதிய விதி ஒன்றே ஒன்று: யார் எழுதினாலும் இந்தப் பதிலை அனுப்பு. அன்றிரவே காகிதக் கடையிலிருந்து ஒரு விலைப்பட்டியல் வந்தது. இங்கிருந்து "விடுப்பில் இருக்கிறேன்" போனது. கடைக்காரரும் ஒரு தானியங்கிப் பதில் வைத்திருந்தார்: "உங்கள் கடிதம் கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்கிறோம்." அதற்கு இங்கிருந்து ஒரு "விடுப்பில் இருக்கிறேன்." அதற்கு அங்கிருந்து ஒரு "கிடைத்தது." ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும் மணிக்கு 1800 சுற்று, 3600 கடிதம். பதிலோடு முந்தைய கடிதமும் ஒட்டிக்கொண்டு வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் கடிதம் பருத்துக்கொண்டே போகும். திங்கட்கிழமை காலையில் இரண்டு பக்கமும் அஞ்சல் பெட்டி நிரம்பி, ஆர்டர் அனுப்பியவர்களின் உண்மையான கடிதங்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

தானியங்கிப் பதில் வைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பதிலில் என்ன எழுதலாம் என்றுதான் யோசிப்பார்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். பதிலை அனுப்பும் ஸ்கிரிப்டில் மீதமுள்ள வேலை முழுக்க, எந்தக் கடிதத்துக்கு வாய் திறக்கக்கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் அல்ல. 1983-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், 'வெக்கேஷன்' என்ற சிறிய நிரலை எழுதினார். 'சென்ட்மெயில்' என்ற புகழ்பெற்ற அஞ்சல் நிரலை எழுதியவரும் அவரே. வீட்டுக் கோப்புறையில் பதில் உரையை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, '.ஃபார்வர்டு' கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். மீதியை வெக்கேஷன் பார்த்துக்கொள்ளும். அதன் கையேட்டைப் படித்தால், கட்டுப்பாடுகள் எல்லாம் மௌனத்தைப் பற்றியவை. உங்கள் பெயர் 'பெறுநர்' வரியிலோ 'நகல்' வரியிலோ இல்லையென்றால் பதில் போகாது. அனுப்பியவர் 'போஸ்ட்மாஸ்டர்', 'மெயிலர்-டீமன்' போன்ற இயந்திரப் பெயரென்றால் போகாது. கடிதத்தின் முன்னுரிமை வரியில் 'பல்க்' என்றோ 'ஜங்க்' என்றோ இருந்தால் போகாது. ஒரே ஆளுக்கு ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறை போகாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டதை நாங்கள் மீண்டும் ஒருமுறை பட்டோம்.

இந்த விதிகள் புரிய, ஒரு மின்னஞ்சல் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தபாலில் போகும் கடிதம் போலவே இதற்கும் உறை ஒன்று, உள்ளே காகிதம் ஒன்று. நீங்கள் திரையில் பார்க்கும் அனுப்புநர் பெயர் காகிதத்தின் மேல் எழுதியது. அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். உறையின் மேல் இருக்கும் அனுப்புநர் முகவரி வேறு. கடிதம் சேராமல் போனால் சர்வர்கள் திருப்பி அனுப்புவது அந்த முகவரிக்குத்தான். கடிதம் பெட்டியில் விழும்போது அதை 'ரிட்டர்ன்-பாத்' என்ற ஹெடராக, அதாவது கடிதத்தின் தலைப்பகுதி வரியாக, சேர்த்து வைப்பார்கள். தானியங்கிப் பதிலும் அந்த முகவரிக்கே போக வேண்டும்.

சில கடிதங்களின் உறையில் அனுப்புநர் இடம் வெறுமையாகவே இருக்கும். இரண்டு கோண அடைப்புக்குறிகள், நடுவில் ஒன்றுமில்லை: <>. "இது இயந்திரம் அனுப்பியது, இதற்கு எதையும் திருப்பி அனுப்பாதே" என்று அதற்குப் பொருள். கடிதம் சேரவில்லை என்று வரும் அறிவிப்புகள் இப்படித்தான் வருகின்றன. ஒழுங்கான தானியங்கிப் பதிலும் இப்படியே புறப்பட வேண்டும். அன்று எங்கள் பதிலும் காகிதக் கடையின் பதிலும் வெற்று உறையில் போயிருந்தால், இரண்டாவது கடிதத்தோடு கதை முடிந்திருக்கும்.

உறை போதாது என்று காகிதத்திலும் ஓர் அடையாளம் வைத்தார்கள். கீத் மூர் எழுதி 2004-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3834 என்ற ஆவணம் தானியங்கிப் பதில்களுக்கான நடத்தை விதி. (இணையத்தின் பொதுவிதிகள் பல ஆர்எஃப்சி என்று எண் போட்டுத்தான் வருகின்றன.) தானாக அனுப்பும் பதிலில் 'ஆட்டோ-சப்மிட்டட்' என்ற ஹெடரைச் சேர்த்து, 'ஆட்டோ-ரிப்ளைடு' என்று எழுத வேண்டும் என்கிறது அது. அந்த ஹெடர் இருந்து, அதன் மதிப்பு 'நோ' என்பதாக இல்லாவிட்டால், உங்கள் ஸ்கிரிப்ட் வாய் திறக்கக்கூடாது. குழு அஞ்சல்களில் 'லிஸ்ட்-' என்று தொடங்கும் ஹெடர்கள் இருக்கும். அவற்றுக்கும் பதில் கிடையாது. ஐந்நூறு பேர் இருக்கும் குழுவுக்கு "நான் ஊரில் இல்லை" என்று ஐந்நூறு பேர் படிக்கும்படி அறிவித்த சங்கடம் பலருக்கு உண்டு.

இனி ஸ்கிரிப்டுக்கு வருவோம். யூனிக்ஸ், லினக்ஸ் உலகத்தில் நெடுங்காலம் ஆண்டது 'ப்ராக்மெயில்'. ஸ்டீபன் வான் டென் பெர்க் 1990-இல் எழுதியது. சர்வரில் உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருக்கும் '.ப்ராக்மெயில்ஆர்சி' கோப்பின் வழியாகப் போகும். அதில் உள்ள விதிகளை 'ரெசிபி' என்பார்கள், சமையல் குறிப்பு என்ற அதே சொல். ஒவ்வொரு குறிப்பும் முக்காற்புள்ளியும் சுழியமும் போட்டுத் தொடங்கும். நட்சத்திரக் குறியிட்ட வரிகள் நிபந்தனைகள். ஆச்சரியக்குறி இட்டால் "இது இல்லையென்றால்" என்று பொருள். கடைசி வரி, செய்ய வேண்டிய வேலை.

அதன் கையேட்டிலேயே விடுப்புப் பதிலுக்கு ஒரு மாதிரி உண்டு. நான் முதன்முதலில் படித்தபோது தலைகீழாகத் தெரிந்தது. இப்போது அதன் அழகு பிடித்திருக்கிறது. முதல் குறிப்பு மூன்று நிபந்தனைகளைப் பார்க்கும்: கடிதம் என் பெயருக்கு வந்ததா, இயந்திரப் பெயர்களிடமிருந்து வராததா, நான் முன்பே ஒட்டிவிட்ட 'எக்ஸ்-லூப்' என்ற அடையாளம் இல்லாததா. மூன்றும் சரியென்றால், 'ஃபார்ம்மெயில்' என்ற துணை நிரலிடம் "இந்த ஆள் ஏற்கெனவே உன் பட்டியலில் இருக்கிறாரா?" என்று கேட்கும். இருந்தால் ஃபார்ம்மெயில் "வெற்றி" என்று திரும்பும். இல்லையென்றால் "தோல்வி" என்று திரும்பி, அவர் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். இரண்டாவது குறிப்பின் தலையில் 'இ' என்ற கொடி இருக்கிறது. முந்தைய குறிப்பு தோற்றால் மட்டும் ஓடு என்பது அதன் பொருள். ஆக, பட்டியலில் தேடியும் கிடைக்காதவருக்குத்தான் பதில் போகிறது. போகும் பதிலில் எக்ஸ்-லூப் அடையாளத்தையும் ஒட்டி அனுப்புகிறது. எங்கேயோ சுற்றி அது மீண்டும் நம் வாசலுக்கு வந்தால், நம் கையெழுத்தை நாமே அடையாளம் கண்டு கதவைச் சாத்திவிடலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தப் பட்டியலுக்கு மாதிரியில் கொடுத்திருக்கும் அளவு 8192 பைட். நாள் கணக்கு இல்லை. பட்டியல் நிரம்பினால் பழைய பெயர்கள் அழிந்து புதியவை ஏறும். கடிதம் குறைவாக வரும் பெட்டியில், போன வருட விடுப்பில் பதில் பெற்றவர் இந்த வருடமும் பட்டியலில் இருப்பார். அவருக்குப் பதிலே போகாது. அதனால் விடுப்பு முடிந்து வந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, புதிதாகத் தொடங்குகிறவர் ப்ராக்மெயில் பக்கம் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2001-இல் 3.22 பதிப்பு வந்தபின் அது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைப் பராமரித்து வந்த பிலிப் கெந்தரே 2014-இல், பாதுகாப்பு ஓட்டைகள் காரணமாக ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் தொகுப்பிலிருந்து அதை நீக்கிவிடச் சொன்னார். 2020-இல் வான் டென் பெர்க் மீண்டும் கையில் எடுத்தார், 2022-இல் புதிய பதிப்பும் வந்தது. ஆனாலும், வெளியார் அனுப்பும் கடிதம் ஒன்று உங்கள் சர்வரில் எந்த நிரலை வேண்டுமானாலும் ஓட வைக்கும் ஏற்பாட்டின் நடுவே வந்து விழுகிறது என்பது மாறவில்லை. நுட்பம் தெரிந்தவர் கையில் அது நல்ல அரிவாள். வீட்டுக்கு அரிவாள்மணை போதும்.

அந்த அரிவாள்மணை 'சீவ்'. சல்லடை என்று பொருள், பெயர் பொருத்தம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'சைரஸ்' அஞ்சல் சர்வரோடு வளர்ந்த மொழி இது. டிம் ஷோவால்டர் எழுதி 2001-இல் ஆர்எஃப்சி 3028 ஆக வந்தது. திருத்திய வடிவம் 2008-இல் ஆர்எஃப்சி 5228. திருத்திய இருவரில் ஒருவர் மேலே சொன்ன அதே பிலிப் கெந்தர். பழைய வீட்டைக் காவல் காத்தவரே புதிய வீட்டுக்கும் வரைபடம் போட்டார்.

சீவ் மொழியில் என்ன இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. திரும்பத் திரும்பச் சுழலும் கட்டளை கிடையாது. வெளி நிரல்களை ஓட்ட வழியில்லை. எப்படி எழுதினாலும் ஸ்கிரிப்ட் மேலிருந்து கீழே ஒருமுறை ஓடி முடிந்துவிடும். அதனால்தான் சர்வர் நடத்துபவர்கள் ஆயிரக்கணக்கான பேருக்குத் துணிந்து இதைத் திறந்துவிடுகிறார்கள். டவ்காட் என்ற அஞ்சல் சர்வரில் 'பிஜன்ஹோல்' என்ற துணைப்பகுதி இதைச் செய்கிறது. ஃபாஸ்ட்மெயில், புரோட்டான் மெயில் பயனர்களும் எழுதலாம். ரவுண்ட்க்யூப் வழியாக மெயில் பார்ப்பவர்களுக்கு, சர்வர்காரர் திறந்துவிட்டிருந்தால், அமைப்புகளில் ஃபில்டர், வெக்கேஷன் என்ற பக்கங்கள் இருக்கும். அங்கே நிரப்பும் படிவம் பின்னால் சீவ் ஸ்கிரிப்டாகத்தான் எழுதப்படுகிறது.

சம்பவத்துக்குப் பின் வந்த பொங்கல் விடுப்புக்குத் தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்ததை, நிரல்மொழிச் சொற்களை விட்டுவிட்டு நம் வாக்கில் இப்படிச் சொல்லலாம்:

எனக்குத் தேவையானவை: கோப்புறையில் போடும் வசதி, வெக்கேஷன், தேதி, ஒப்பீடு.
'எக்ஸ்-ஸ்பாம்-ஃப்ளாக்' என்ற ஹெடரில் 'யெஸ்' இருந்தால், குப்பைக் கோப்புறையில் போடு, அத்தோடு நிறுத்து.
இன்றைய தேதி 2026-01-13 அல்லது அதற்குப் பின், கூடவே 2026-01-18 அல்லது அதற்கு முன் என்றால், வெக்கேஷன் பதில் அனுப்பு.
நாள் இடைவெளி 7, என் முகவரிகள் இவை, தலைப்பு இது, உரை இது.

அவ்வளவுதான். ஆட்டோ-சப்மிட்டட் பார்ப்பது, லிஸ்ட் ஹெடர் பார்ப்பது, வெற்று உறையில் அனுப்புவது, ஒரே ஆளுக்கு மறுபடி அனுப்பாமல் இருப்பது எல்லாவற்றையும் வெக்கேஷன் கட்டளையே செய்துவிடும். 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5230 அதை அப்படித்தான் வரையறுக்கிறது. நாள் இடைவெளி குறிப்பிடாவிட்டால் வழக்கம் 7 நாள். பதில் போனாலும் கடிதம் உங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

வரிகளின் வரிசை முக்கியம். குப்பை அஞ்சலைப் பிரிக்கும் விதி முதலில் வந்து அங்கேயே நிற்க வேண்டும். குப்பைக் கடிதங்களின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடியது. அதற்குப் பதில் அனுப்பினால், எங்கோ இருக்கும் சம்பந்தமில்லாத ஒருவருக்கு உங்கள் விடுப்புச் செய்தி போய்ச் சேரும். இது தொடர்ந்தால் உங்கள் சர்வரே குப்பை அனுப்புகிற சர்வர் என்று தடைப்பட்டியலில் ஏறும். முகவரி உண்மையானதாக இருந்தாலோ, "இந்தப் பெட்டியில் ஆள் இருக்கிறது" என்று குப்பைக்காரருக்கு நீங்களே உறுதிப்படுத்தியதாக ஆகும்.

தேதி வரியில் ஒரு பொடி விஷயம். எந்த நேர மண்டலம் என்று சொல்லாவிட்டால், சர்வர் இருக்கும் இடத்தின் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். கிரீன்விச் நேரத்தில் ஓடும் சர்வரென்றால், 13-ஆம் தேதி நம் ஊரில் காலை ஐந்தரைக்குத்தான் பிறக்கும். '+0530' என்று மண்டலத்தையும் எழுதிவிட்டால் தீர்ந்தது. தேதி போட்டு வைப்பதால் வேறொரு நன்மை: திரும்பி வந்து அணைக்க மறந்து, மார்ச் மாதத்திலும் "பொங்கல் விடுமுறையில் இருக்கிறேன்" என்று போய்க்கொண்டிருக்காது.

"அக்கா, வேலை செய்யலையே" என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் முகவரி வரி. உங்கள் பெட்டியின் உண்மையான முகவரி ஒன்று. ஆனால் கடிதங்கள் வருவது அலுவலகப் பொது முகவரி வழியாக. பெறுநர் வரியில் அந்தப் பொது முகவரிதான் இருக்கும். "இது எனக்கு நேராக வந்தது அல்ல" என்று வெக்கேஷன் வாயை மூடிக்கொள்ளும். அது செய்வது சரிதான். உங்களை வந்தடையும் எல்லா முகவரிகளையும் அந்த வரியில் எழுதிவிட வேண்டும். மறைநகலில் உங்களைச் சேர்த்து அனுப்பியவருக்கு எப்படியும் பதில் போகாது, அதை விட்டுவிடுங்கள்.

அடுத்த இடறல் சோதனை செய்யும்போது வருவது. உங்கள் இன்னொரு கணக்கிலிருந்து ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள். பதில் வருகிறது. மகிழ்ந்துபோய் மீண்டும் அனுப்புகிறீர்கள். ஒன்றும் வரவில்லை. ஸ்கிரிப்டைப் பிரித்துப் போட்டு அரைநாள் மல்லுக்கட்டுவீர்கள். அது பழுதில்லை, ஏழு நாள் விதி வேலை செய்கிறது. பதில் உரையிலோ தலைப்பிலோ ஏதாவது ஒன்றை மாற்றினால் அதைப் புதிய பதிலாக எண்ணி மறுபடி அனுப்பும். சோதிக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதையே திருப்பிப் பார்த்தால், விடுப்பின் நடுவில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் ஏற்கெனவே பதில் பெற்ற அத்தனை பேருக்கும் இன்னொரு முறை போகும். மெய்ப்புப் பார்க்கும் தம்பிக்கு இது பெரும் சோதனை. பிஜன்ஹோல் இருக்கும் சர்வரென்றால் 'சீவ்-டெஸ்ட்' என்ற கருவி உண்டு. கோப்பில் இருக்கும் ஒரு கடிதத்தைக் கொடுத்தால், எதையும் அனுப்பாமல், என்ன செய்திருக்கும் என்று மட்டும் சொல்லும்.

தமிழில் பதில் எழுத விரும்புகிறவர்களுக்குச் சீவ் இன்னொரு விதத்திலும் உதவும். சீவ் ஸ்கிரிப்டே யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருப்பதால், உரையையும் தலைப்பையும் அப்படியே தமிழில் தட்டச்சு செய்யலாம். பழைய ப்ராக்மெயில் வழியில் தலைப்பு வரியை நாமே மாற்றிக்கொடுக்க வேண்டும். ஹெடர்களில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் போகும் என்ற பழைய மரபே காரணம். 'விடுப்பில்' என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் பத்துக் குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட் என்று முப்பது பைட். அதை ஆங்கில எழுத்துகளாக மாற்றும்போது நாற்பது. ஒரு மாற்றுத்துண்டுக்கு அனுமதி 75 எழுத்து. தலைப்பு கொஞ்சம் நீண்டால் துண்டு போட வேண்டும். ஓர் எழுத்தின் நடுவில் வெட்டிவிட்டால் பெறுபவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். சீவ் இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும்.

ஜிமெயில் மட்டும் பயன்படுத்துகிறவருக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. அமைப்புகளில் விடுமுறைப் பதில் என்ற பகுதியில் தொடக்க நாள், முடிவு நாள், உரை கொடுத்தால் போதும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினால், நான்கு நாளுக்கு ஒரு முறைக்கு மேல் பதில் போகாது. தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பு என்ற தேர்வும் உண்டு. என்னைக் கேட்டால் அதை டிக் செய்துவிடுவது நல்லது.

உரையைப் பற்றி ஒரே ஒரு சொல். குடும்பத்தோடு பத்து நாள் ஊரில் இருக்க மாட்டேன், வீடு பூட்டியிருக்கும் என்ற அளவுக்கு யாரும் எழுதுவதில்லைதான். ஆனால் "18-ஆம் தேதி வரை வெளியூரில்" என்பதும் அதையே சொல்கிறது, அதுவும் முகம் தெரியாதவர்களிடம். 19-ஆம் தேதி பதில் தருகிறேன், அவசரமென்றால் அலுவலகப் பொது எண்ணில் அழையுங்கள் என்று நிறுத்திக்கொள்ளலாம். உடன் வேலை செய்பவரின் கைபேசி எண்ணை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். வந்த கடிதத்தைப் பதிலோடு சேர்த்துத் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

தம்பி பொங்கல் முடிந்து வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தான். காகிதக் கடையிலிருந்து இரண்டு கடிதங்கள் இருந்தன: ஒரு விலைப்பட்டியல், ஒரு "உங்கள் கடிதம் கிடைத்தது."